வாசலில் இருந்த பானை

போன வெள்ளிக்கிழமை எட்டு மணி சீரியலில் மேனேஜர் டைப்பிஸ்ட் பெண்ணை அறைக்குள் கூப்பிட்டார். கதவு சாத்திக்கொண்டது. அவள் அழுதுகொண்டே ஓடிவந்தாள். தொடரும்...

"எதுக்கு இவ தனியா உள்ள போனா?"

கேட்டது வேறு யாருமில்லை, நான்தான். வாராவாரம் இந்தப் பக்கத்தில் பெண்களுக்காகப் பொங்குகிற அதே நான். என் வீட்டுக்காரர் உடனே தலையாட்டினார். நான் சொல்லி அவர் ஒத்துக்கொள்வது அபூர்வம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின் போர்ஷனில் குடியிருக்கிற செல்வியும் கூடவே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்பு கம்பெனியில் பேக்கிங் வேலை அவளுக்கு.

"அந்த ஆபீஸ்ல தண்ணிப் பானைய எங்கக்கா வெச்சிருப்பாங்க?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். அவர்கள் கம்பெனியில் சூப்பர்வைசர் ரூம் வாசலில்தான் பானை. கையெழுத்துக்கு ஒருத்தி உள்ளே போனால், இன்னொருத்திக்கு உடனே தாகம் எடுத்துவிடும். போனவள் வரும்வரை டம்ளரும் கையுமாக வாசலிலேயே நிற்பாள். அந்த ஆளின் கை சும்மா இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். கம்ப்ளெயின்ட் கொடுத்த ஒருத்திக்கு மறுநாளே வேலை போய்விட்டது. அதனால் இந்த ஏற்பாடு.

"இப்ப பானையத் தூக்கி கேன்டீன்ல வெச்சிட்டாருக்கா. புதன்கிழம பொண்ணுக்கு ஆபரேசன். திங்கக்கிழம நான் லீவு சீட்டுல கையெழுத்து வாங்கியாவணும்."

இத்தனை வருஷம் எழுதி எழுதி என்னத்தைக் கிழித்தோம் என்று அலுப்பாக இருந்தது.

திங்கள் சாயங்காலம் செல்வி வரும்வரை எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. வந்தவள் சீட்டைக் காட்டினாள் — கையெழுத்தோடு. பேக்கிங்கில் இருக்கிற ஆறு பேரும் புதன்கிழமைக்கே லீவு எழுதி, சேர்ந்தாற்போல் ரூமுக்குள் போனார்களாம். அந்த ஆள் கத்தினாராம். ஒரே நாளில் ஆறு பேருக்கெல்லாம் முடியாது, ஒருத்திக்குத்தான் என்று மேலே இருந்த சீட்டில் கையெழுத்துப் போட்டாராம். மேலே வைத்திருந்தது செல்வியின் சீட்டு.

"மத்தவங்களுக்கு லீவே வேணாங்க்கா" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ரொம்ப நேரம் சிரிக்க முடியவில்லை.

ஒரு கையெழுத்துக்கு ஆறு பேர் போகவேண்டியிருக்கிறது... நான் சோபாவில் சாய்ந்துகொண்டு, எதுக்குத் தனியாகப் போனாள் என்று கேட்கிறேன்.