எட்டு நாள் நங்கூரமிட்ட கப்பல்

நவம்பர் மாதத்து வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கு, ஜெர்மனியின் தெற்கே கார்ல்ஸ்ரூஹேயில் ரயில் ஏறினேன். ஹனோவருக்கு நான்கு மணி நேரம். முன்பதிவில் கட்டணம் முப்பத்தொன்பது யூரோ தொண்ணூற்றொன்பது சென்ட். காஸல் தாண்டும்வரை குன்றுகளை விட்டு மூடுபனி விலகவில்லை. இலங்கைக்கு முதன்முதலில் வந்த ஆங்கிலேயர்கள் அத்தீவையும் மக்களையும் பற்றி என்ன எழுதினார்கள் என்று தேடிப் படிப்பது என் வழக்கம். ஹனோவர் அரச குடும்பத்தார் இங்கிலாந்தையும் ஆண்ட காலத்தில் அப்படிச் சில ஏடுகள் ஹனோவர் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்றைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

பதினொன்றரை மணிக்கு நூலக வாசலில் ஜெனிற்றா காத்திருந்தார். அங்கே பழைய தாள்களைச் செப்பனிடும் வேலை. வயது முப்பதைத் தாண்டியிருக்கும். பிறந்தது ஜெர்மனியில்தான். தந்தை பருத்தித்துறையில் கடலுக்குப் போனவர், அகதியாக வந்தவர். ஏட்டைப் பார்க்க நமக்கு ஒதுக்கிய நேரம், டெர்மின், ஒரு மணித்தியாலம்தான் என்று சொல்லி உள்ளே அழைத்துப்போனார்.

அது பெயர் போடாத ஒரு கப்பல் எழுத்தரின் நாட்குறிப்பு. குடிநீர் ஏற்றுவதற்காகப் பருத்தித்துறைக்கு அப்பால் எட்டு நாள் நங்கூரமிட்டிருக்கிறார்கள். பனைகளையும் கிணற்று நீரின் சுவையையும் மனிதர் வியந்து எழுதுகிறார். மக்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் மாறுகிறது. நடுப்பகலில் ஆண்கள் மணலில் படுத்துறங்குகிறார்களாம், உழைப்பில் நாட்டமே இல்லாத சனமாம். அதைத் தமிழில் சொல்லிச் சிரித்தேன். ஜெனிற்றா சிரிக்கவில்லை.

"இரவிரவாக் கடலில நிண்டவன் பகலில படுக்காமல் என்ன செய்யிறது?" என்றார். பிறகு, "நீங்களும் இதைத்தானே அண்ணை எழுதினனீங்கள்" என்றார்.

உண்மைதான். இரண்டாண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் தங்கிவிட்டு ஓர் இணைய இதழில் எழுதினேன். பருத்தித்துறைக் கரையில் பகலில் வலைகளுக்குப் பக்கத்தில் தூங்கியவர்களைக் காரின் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, வெளிநாட்டுப் பணம் கெடுத்த ஊர் என்று ஒரு வரி சேர்த்தேன்.

அதைப் படித்த ஜெனிற்றாவின் தந்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். மகளைக் கொண்டு எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். அது வந்தது எனக்கு நினைவிருந்தது. வசைக் கடிதமாக இருக்கும் என்று நினைத்துத் திறக்காமலே விட்டிருந்தேன்.

அவரை இன்றே பார்க்கலாமா என்று கேட்டேன்.

"அப்பா இல்லை அண்ணை. இந்த மாசியில மோசம் போயிட்டார்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏட்டை உறைக்குள் வைத்தார். பிறகு வாசல்வரை வந்து, டிராம் நிற்கும் பக்கத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

மாலை ரயில் கோட்டிங்கனைக் கடந்தபோது அந்த மின்னஞ்சலைத் தேடி எடுத்தேன். கரையிலிருந்தவர்களிடம் கேட்டறிய அந்தக் கப்பல்காரருக்கு மொழி இல்லை. எனக்கு இருந்தது. காரை நிறுத்தச் சொல்லியிருந்தால் போதும்.

கடிதத்தில் வசை எதுவும் இல்லை. ஒரு தொலைபேசி எண், அதன்கீழ் மூன்று வரி: "தம்பி, உங்கட கட்டுரை வாசிச்சனான். எங்கட தொழிலைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கோணும். நாலு மணிக்குப் பிறகு வீட்டிலதான் நிப்பன், எடுங்கோ."