அம்மாவுக்குப் பாப்பா பிறக்கவிருந்த மார்கழி

எங்கள் வீட்டில் மாதத்தில் சில நாட்கள் அப்பாதான் சாமி விளக்கு ஏற்றுவார். அந்த நாட்களில் அம்மா சாமி அறைப் பக்கமே வரமாட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அப்பா விளக்கேற்றினால் படைத்த கற்கண்டு முழுவதும் எனக்கு வந்துவிடும் என்பதால் கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அப்பா புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் லாரிகளுக்கு மூட்டை ஏற்றிவிடும் பொறுப்பில் இருந்தார். அம்மா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. நாலாம் வகுப்பில் நான் அவளுக்கு முன்னாலேயே உட்கார்ந்து அவளை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான் ரொம்பத் தாமதமாக, குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்ட பிறகு பிறந்தவள். அதனால் அக்கா எனக்கு இன்னொரு அம்மா போலத்தான். அவளுக்குக் கல்யாணமாகி, வயிற்றில் பிள்ளையும் வந்து, தை பிறந்ததும் வளைகாப்பு என்று பேசி முடித்திருந்தார்கள்.

அந்த மார்கழியில் அம்மா ஒரு மாதிரி ஆகிவிட்டாள். நாங்கள் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் குளிரில் அவள் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு அதன் கீழே நிற்பாள். நெற்றியும் கழுத்தும் நனைந்து, ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கும். வகுப்பில் ஒருநாள் சாக்பீஸோடு கரும்பலகைக்கு முன்னால் போனவள், என்ன எழுத வந்தோம் என்பது மறந்துபோய் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் சிரித்தோம். ரசத்தில் உப்பு ஒரு கல் கூடுதல் என்று அப்பா சொன்ன அன்று, சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் கவிழ்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இது பிரஷராக இருக்கும் என்று ஆலையில் யாரோ அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வந்து, இனிமேல் உப்பைக் குறைக்கலாமே என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம் அம்மா அவரோடு பேசவில்லை.

அரையாண்டு விடுமுறையில் கல்லலிலிருந்து சித்தி வந்தாள். அம்மாவின் ஒரே தங்கை. வளைகாப்புக்குப் பலகாரம் செய்ய ஒத்தாசைக்கு வந்தவள் கூடத்தில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். விளக்கு வைக்கும் நேரம். அம்மா சாமி அறையிலிருந்து வெளியே வந்தாள். எனக்குக் கற்கண்டு ஞாபகம் வந்துவிட்டது.

“அப்பா, இப்பல்லாம் நீங்க ஏன் விளக்கு ஏத்துறதே இல்ல?”

அப்பா செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். சித்தியின் கையில் முறுக்கு உழக்கு அப்படியே நின்றது. அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, அம்மாவை மாட்டுக்கொட்டகைப் பக்கம் அழைத்துப் போனாள். திட்டு எனக்குத்தான் விழப்போகிறது என்று பயந்து நான் கொல்லைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

“எத்தன மாசமாக்கா?”

“ஐப்பசியிலேர்ந்து ஒண்ணுமில்லடி. மகளுக்கு வளைகாப்புப் போடுற நேரத்துல நானும் வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னா சம்பந்தகாரவுக என்ன நெனைப்பாக? பள்ளிக்கூடத்துல எப்படித் தலை காட்டுவேன்?”

“அத்தான்ட்ட சொன்னியா?”

“எப்படிச் சொல்லுவேன்?” அம்மா அழுதாள்.

இதில் எனக்கு விளங்கியது ஒன்றுதான்: பாப்பா வரப்போகிறது. அக்காவுக்கு ஒன்று, எங்கள் வீட்டுக்கு ஒன்று. தூளியை எங்கே கட்டுவது என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். அம்மா ஏன் அழுதாள் என்று நான் யோசிக்கவேயில்லை.

மறுநாள் வளையல் வாங்கப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மாவும் சித்தியும் நானும் காரைக்குடிக்கு பஸ் ஏறினோம். ஆனால் முதலில் போனது ஒரு பெண் டாக்டரிடம். பரிசோதனை முடிந்து நர்ஸ் கொண்டுவந்த சீட்டை டாக்டர் படித்துப் பார்த்தார்.

“கர்ப்பம் இல்லம்மா. மாதவிலக்கு நிக்கப்போற காலம் இது. ஒரேயடியா நிக்காது, வரும், வராம இருக்கும். திடீர்னு உடம்பு கொதிக்கிறது, தூக்கம் கெடுறது, எரிச்சல், மறதி எல்லாம் இதோட சேர்ந்ததுதான்.”

அம்மா முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப எனக்குப் புத்தி பேதலிக்கலையா?”

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார். “அப்படியா நெனச்சுக்கிட்டு இருந்தீங்க?”

“எங்க பெரியம்மாவுக்கு இந்த வயசுலதான் பேய் புடிச்சிருக்குன்னு வேப்பிலை அடிச்சாக. அவுகளும் இப்படித்தான் வேர்த்து வேர்த்து நிப்பாக.”

டாக்டர் நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பேசினார். பாலும் கேப்பையும் கீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், காபியைக் குறைக்க வேண்டும், சாயங்காலம் நடக்க வேண்டும். ஒரு வருடம் முழுக்க நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டால் மட்டும் தாமதிக்காமல் வர வேண்டும். கடைசியாக, “வீட்டுக்காரர்கிட்ட சொல்லிருங்க. தெரியாம அவரும் முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பாரு” என்றார்.

வளையலும் வாங்கினோம். அம்மா சிரித்துப் பேசி, பச்சையும் சிவப்புமாகப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். பஸ்ஸில் ஏறியதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“அதான் ஒண்ணுமில்லன்னுட்டாகளே. பெறகு ஏங்க்கா அழுகுறே?” என்றாள் சித்தி.

“தெரியலடி” என்றாள் அம்மா.

எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். வராமல் போன பாப்பாவுக்காக நானும்தான் அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “பரவால்லம்மா, அக்காவுக்குத்தான் பாப்பா வருதுல்ல” என்றேன். அவள் என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது அவளுக்கு. இன்று அம்மாவின் அந்த வயதில் நான் நிற்கிறேன். அன்று நான் சொன்ன ஆறுதல் முழுக்கத் தப்பில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அன்று சாயங்காலம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா எதிரே உட்கார்ந்து சொன்னாள். “எனக்கு எல்லாம் நிக்கிற காலமாம். திடீர்னு உடம்பு கொதிக்கும். கோவம் வரும். வந்தா கொஞ்சம் அங்குட்டுப் போயி இருங்க. நானே செத்த நேரத்துல சரியாயிருவேன். உப்பக் கொறைக்கச் சொல்லாதீக.”

அப்பா தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

மறுநாள் காலையில் தட்தட்டென்று சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். சமையலறையின் பின்பக்க ஜன்னலைக் குரங்குத் தொல்லைக்குப் பயந்து அப்பாவே ஒரு காலத்தில் பலகை வைத்து அடைத்திருந்தார். இப்போது ஸ்டூலில் ஏறி நின்று ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கடைசிப் பலகையும் கழன்றதும் காற்று உள்ளே வந்தது. அடுப்புக்கு முன்னால் நின்ற அம்மா முந்தானையைத் தளர்த்திக்கொண்டு கண்ணை மூடினாள்.

“இங்குட்டுத்தான் நல்லாக் காத்து வரும்” என்று அப்பா பொதுவாகச் சொன்னார்.

“குரங்கு வந்துருமேப்பா?”

“வந்தா வரட்டும்.”

அப்பாவுக்குக் குரங்குகள் மேல் இரக்கம் வந்துவிட்டது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.