ஆமை மீனா, கறியா

தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் எங்கள் வீட்டில் கறி கிடையாது. ஆடு, கோழி, மாடு எதுவும் வாசல்படி ஏறாது. மீன் மட்டும் தாராளமாக ஏறும். மீனுக்கு உயிர் இல்லையா என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "கறி கறி, மீனு மீனு. போய்ப் படி" என்றாள். காசிமேட்டு மீனவர் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவளிடம் அதற்கு மேல் வாதாட முடியாது. ஆண்டவர் பாலைவனத்தில் பட்டினி கிடந்ததை நாங்கள் வஞ்சிரமும் இறாலும் நண்டும் தின்று பக்தியோடு நினைவுகூர்ந்தோம். மேல்வரும்படி பார்த்து நாட்டுக்கோழி வாங்குகிற நாளைவிட அந்த நாட்களில் எங்கள் சாப்பாடு நன்றாகவே இருக்கும்.

அப்போது எர்ணாவூரில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஹார்பரில் வேலை. வீட்டுக்கு எதிரே கண்டெய்னர் லாரிகள் இரவு பகலாக நிற்கும். காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையைச் சாயங்காலம் உதறினால் கரி உதிரும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, திரும்பத் துவைத்தார்கள். எனக்கு ஒன்பது வயது, இழுப்பு நோய். இழுப்பு வந்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதும். உதடு நீலமாகிவிடும். அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். அங்கே மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை பிடிக்க வைப்பார்கள். அம்மா அவள் பங்குக்குத் தூதுவளை, ஆடாதோடை, கருங்கோழி சூப் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அந்த வருஷம் தவக்காலத்தில் ஒருமுறை நான் செத்துப் பிழைத்தேன். அதற்குப் பிறகு அம்மா தூங்கும்போதுகூட என் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டுதான் தூங்கினாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், அம்மாவின் தம்பி, என் மாமா, மூன்று சக்கர மீன்பாடி வண்டியை மிதித்துக்கொண்டு வந்தார். மாமா காசிமேட்டில் படகில் போகிறவர். வண்டியில் ஈரச்சாக்கு போட்டு எதையோ மூடியிருந்தது. அவரும் அப்பாவும் சேர்ந்து மூச்சு முட்டத் தூக்கிப் பின்பக்கத் துணி துவைக்கிற இடத்தில் இறக்கினார்கள். சாக்கை எடுத்தால் ஆமை. நான் ஒரு கையை நீட்டினால் எவ்வளவோ அவ்வளவு நீளம் இருந்தது. நான் கத்திய கத்தலில் மாமா சிரித்துவிட்டார்.

"உனுக்குத்தான் பாப்பா கொண்டாந்தேன்" என்றார்.

எனக்குத்தான்! இந்த ஒரு வார்த்தையில் நான் ஏமாந்தேன். மாமா எனக்குக் கலர் சங்கு கொண்டுவந்திருக்கிறார், உயிருள்ள கடல்குதிரையைப் பாட்டிலில் கொண்டுவந்திருக்கிறார். அந்த வரிசையில் இதுவும் ஒன்று என்றுதான் நினைத்தேன். வலையில் ஆமை மாட்டினால் அதன் ஓட்டில் விரலால் சிலுவை போட்டுக் கடலிலேயே விட்டுவிடுகிறவர் அவர். அதை அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் எனக்காக ஒன்றை மட்டும் விடாமல் கொண்டுவந்திருக்கிறார் என்றால், எவ்வளவு ஆசை இருக்க வேண்டும்!

மீன் கழுவுகிற, நீளவாக்கில் பாதி வெட்டிய நீல டிரம்மில் ஆமையை விட்டார்கள். குழாய்த் தண்ணீர் அதற்கு ஒத்துக்கொள்ளாதே என்று நான் அடுப்படிக்கு ஓடிக் கல்லுப்பு ஜாடியைக் கொண்டுவந்து அப்படியே கவிழ்த்தேன். வேறு நாளாக இருந்தால் அம்மா முதுகில் நாலு வைத்திருப்பாள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதற்காவது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மாடிவீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள். "இன்னா யக்கா இது, ஆம பூந்த வூடும் அமீனா பூந்த வூடும் உருப்படுமா?" ஜப்தி செய்ய வருகிற கோர்ட்டு ஆளோடு ஆமையைச் சேர்த்துவைத்த பழமொழி அது. ஜப்திக்காரன் எங்கள் தெருவில் அடிக்கடி வருகிறவன்தான். ஆமைதான் புதிது. "வாய மூடிக்கினு போம்மா, பாரஸ்ட்காரன் காதுல வுழுந்துரப் போவுது" என்று மாமா அவளை அனுப்பிவைத்தார். ஆமையைப் பிடித்தால் ஜெயில்.

நான் டிரம் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டேன். ஆமை அசையாமல் கிடக்கும். திடீரென்று தலையைத் தூக்கி, வாயைத் திறந்து, ஒரு மூச்சு விடும். எவ்வளவு பெரிய மூச்சு! உள்ளே எங்கேயோ அடைத்துக்கொண்டு இழுத்து வருவது போல இருக்கும். எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். என் நெஞ்சிலிருந்து வருகிற அதே சத்தம். இதற்கும் இழுப்பு இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல உள்ளே ஓடினேன்.

அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டேன். மாமா பேசிக்கொண்டிருந்தார். அவர் படகில் புதிதாகச் சேர்ந்த தூத்துக்குடிக்காரர் சொன்னாராம். ஆமையை அறுத்து, ரத்தத்தைச் சூடு ஆறுவதற்குள் ஒரு டம்ளர் குடித்துவிட்டால் இழுப்பு ஜென்மத்துக்கும் திரும்பாதாம். அவர் மகளுக்கே அப்படித்தான் போனதாம். ரத்தம் மருந்துக்கு, கறி குழம்புக்கு. அம்மாவுக்கு மருந்தைப் பற்றிக் கவலையில்லை. அவள் கவலை முழுக்கக் குழம்பைப் பற்றி.

"இன்னிக்கு வெள்ளிக்கியம. தவக்காலம் வேற. ஆம கறிதானேடா?"

"கடல்ல கீறது எல்லாம் மீனுதான் யக்கா."

மாமா சொன்னதில் அம்மாவுக்குப் பாதி சமாதானம். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குத் தலையில் இடி விழுந்தது. எனக்குத்தான் என்றால் இப்படியா? என் கண்ணெதிரே மூன்று பேர், நான் உலகத்தில் அதிகமாக நேசிக்கிற மூன்று பேர், அதை மீன் என்பதா கறி என்பதா என்று சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அழுதால் இழுப்பு வரும், இழுப்பு வந்தால் அவர்கள் உடனே கத்தியை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து அழுகையை விழுங்கினேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதற்கு முந்தைய மாதம் ஆமைகளைக் காப்பாற்றுகிறவர்கள் எங்கள் பள்ளிக்கு வந்து படம் காட்டியிருந்தார்கள். தாய் ஆமை கரையேறி மணலில் குழி தோண்டி முட்டையிடும். குஞ்சு மணலிலிருந்து வெளியே வந்து கடலுக்குப் போகும். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆம மீனு இல்ல. அது மண்ணுலதான் பொறக்குது. மீனு தண்ணிக்குள்ளயே மூச்சு வுடும், ஆம நம்மள மாரி மேல வந்துதான் மூச்சு வுடும். அது கறிதான். ஈஸ்டர் வரிக்கும் அத்தத் தொட்டா பாவம்."

மாமா தலையைச் சொறிந்தார். மணலில் முட்டையிடும் ஆமையை என்னைவிட அதிகமாகப் பார்த்தவர் அவர். அப்பா, "படிச்ச புள்ள சொல்லுது பாரு" என்றார், கொஞ்சம் பெருமையோடு. அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். ஆமை கறிதான். அந்தக் கறியை எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைக்கக் கூடாது.

ஜெயித்துவிட்டேன். அன்று சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதையின் ஒவ்வொரு ஸ்தலத்திலும் நான் மட்டும் சந்தோஷமாக முழங்கால் போட்டேன். ஈஸ்டர் வரைக்கும் ஆமைக்கு ஆயுசு கெட்டி. அதற்குள் மாமாவைக் கெஞ்சிக் கூத்தாடிக் கடலில் விடச் செய்துவிடலாம்.

விடிந்ததும் பின்பக்கம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஆமைக்குத் தண்ணீர் மாற்றுகிறார்கள் என்று எழுந்து ஓடினேன்.

இப்போதும் அதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆமை மல்லாந்து கிடந்தது. அடிப்பக்கத்து ஓடு தனியாக, ஒரு முறத்தைப் போல, சுவரில் சாய்த்து வைத்திருந்தது. துவைக்கிற கல் முழுக்கச் சிவப்பு. பக்கத்தில் அலுமினியத் தட்டு. தட்டில் ஆமையின் இதயம். அது துடித்துக்கொண்டிருந்தது. உடம்பைவிட்டு வெளியே எடுத்த பிறகும், தனியாக, யாருக்காகவோ துடித்துக்கொண்டிருந்தது. நான் நின்றேன். கத்தவில்லை. நின்றுவிடும் நின்றுவிடும் என்று பார்க்கிறேன், நிற்கவில்லை. உலகத்தில் இப்படி ஒன்று நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. படம் காட்டியவர்கள்கூடச் சொல்லவில்லை.

"கறின்னு சொன்னியே" என்றேன் அம்மாவிடம்.

"கறியத் தொடல கண்ணு. இது மருந்து" என்றாள் அம்மா. அவள் கையில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது.

வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். விளக்கெண்ணெய் குடிக்க மறுக்கிற பிள்ளைக்குச் செய்வதைத்தான் அப்பா செய்தார், மூக்கைப் பிடித்தார். மற்றப் பிள்ளைகள் கொஞ்ச நேரமாவது தாக்குப்பிடிக்கும். இழுப்புக்காரியால் எவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடியும்? வாயைத் திறந்தேன். வெதுவெதுப்பாக, உப்பாக உள்ளே போனது. மூக்கைப் பிடித்த அப்பாவும் அழுதார், ஊற்றிய அம்மாவும் அழுதாள். நான் மட்டும் அழவில்லை. கவுனெல்லாம் சிவப்பாக நின்றுகொண்டு மாமாவைப் பார்த்துக் கேட்டேன்.

"அதுக்கு இழுப்பு வந்தா அது யார் ரத்தத்தக் குடிக்கும்?"

மாமா கத்தியைத் துவைக்கிற கல்லில் போட்டுவிட்டு விருட்டென்று எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். பெரியவர்களை எதிர்த்துப் பேசியதால் கோபம் என்று நினைத்தேன். நன்றாகக் கோபப்படட்டும் என்றும் நினைத்தேன்.

என் வாதம் ஜெயித்ததற்குப் பலன் ஒன்று இருந்தது. கறியை யாரும் தொடவில்லை. அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம் என்றால் பாரஸ்ட்காரர் பயம். அவ்வளவு பெரிய உயிர் ஒரு டம்ளர் போக மீதி அப்படியே வீணானது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் மீன் என்று சொல்லிப் பசிக்காவது தின்றிருப்பார்கள். மாமா எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, மீன்பாடி வண்டியில் போட்டுக்கொண்டு கடல் பக்கம் போனார். அம்மா மத்தியானத்துக்கு நெத்திலிக் குழம்பு வைத்தாள்.

அடுத்த வருஷம் அப்பாவுக்கு வேறு வேலை கிடைத்து ஆவடிப் பக்கம் குடிபோனோம். இழுப்பு குறைந்து குறைந்து நின்றேவிட்டது. அம்மா கோயிலுக்குக் கோயில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஆமை ரத்தத்தின் மகிமையைச் சொன்னாள். அவள் அதைச் சொல்லத் தொடங்கினாலே மாமா பீடி வாங்கப் போவதாக எழுந்து போய்விடுவார். காலேஜ் படிக்கும்போது ஒரு டாக்டரிடம் பழைய கதையைச் சொன்னேன். எங்கே குடியிருந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். எர்ணாவூர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "வீடு மாத்துனீங்க பாருங்க, அதுதாம்மா மருந்து" என்றார். அந்தச் சட்டையில் படிந்த கரியை என் நெஞ்சும் தினமும் வாங்கிக்கொண்டிருந்தது. அதற்கு விலையாகக் கரையிலிருந்து எவ்வளவோ தூரத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒன்று அறுபட்டிருக்கிறது. அன்றைக்கு இரண்டாம் முறை என் தலையில் இடி விழுந்தது. நான் சைவமாகிவிடவில்லை. மீனும் கறியும் தின்றுகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இது மீன், இது கறி, இது மருந்து என்று யாராவது பிரித்துச் சொன்னால் சாப்பிடுகிற தட்டை விட்டு எழுந்துவிடுவேன்.

போன வருஷம் மாமாவைப் பார்க்கக் காசிமேட்டுக்குப் போயிருந்தேன். கடலுக்குப் போவதை விட்டு நாளாகிவிட்டது அவருக்கு. அத்தை டீ போட உள்ளே போன நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"பாப்பா, உனுக்கு நெசமாலுமே அதாலதான் சரியாச்சா?"

எதால் என்று நான் கேட்கவில்லை. டாக்டர் சொன்னது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"ஆமா மாமா, அதாலதான்" என்றேன்.

"அப்ப சரி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "அப்ப சரி" என்றார்.

கத்தியைப் போட்டுவிட்டு வாசல் பக்கம் போன மனிதர் கோபத்தில்தான் போனார் என்று நினைத்த பெண்ணுக்கு அன்று வயது ஒன்பது. அவள் கேட்ட கேள்விக்குத்தான் அவர் இத்தனை வருஷமும் பதில் தேடிக்கொண்டிருந்தார்.