வாய்க்கால் கரையில் நின்று அளந்தவர்

தேனியில் ஒரு பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது சபியாவின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். “அக்கா போயிட்டாக சார். மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் எடுக்குறோம்” என்றார். சபியாவுக்குச் சிறுநீரகக் கோளாறு என்பது தெரியும். போன வாரம்கூடப் பேசினோம். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை, வேலையைப் பற்றி அரைமணி நேரம். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு உத்தமபாளையத்துக்குப் பேருந்து ஏறினேன்.

உங்களில் பலர் சபியாவை எழுத்தறிவு வகுப்புகளிலும் மகளிர் குழுக்களிலும் பார்த்திருப்பீர்கள். நான் அவரை அறிந்தது ஒரே ஒரு வேலையின் வழியாக. அதில் நான் அவருக்கு மேலாளன். தவறு செய்தவனும் நான்தான். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை.

குமுளிக்கு வரும் பயணிகளை மலையிறக்கி, கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு மாட்டுவண்டியில் அழைத்துப்போகும் திட்டம் அது. விடுதி கட்டக்கூடாது, மரம் வெட்டக்கூடாது, பயன் ஊருக்கே சேரவேண்டும் என்று நல்லெண்ணத்தோடு தொடங்கியது. இரண்டு ஆண்டு கழித்து, இந்தச் சுற்றுலா ஊருக்கு என்ன செய்திருக்கிறது என்று அளந்து சொல்லும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு வந்தது. ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதமாட்டோம் என்று அங்குள்ள பெண்களுக்குச் சபியா வாக்குக் கொடுத்திருந்தார்.

அச்சடித்த படிவங்கள் சென்னையிலிருந்து வந்தன. கேட்ட வீட்டிலெல்லாம் நல்ல பதில்தான். மூன்றாம் நாள் சபியா படிவக் கட்டோடு என் முன்னால் வந்து நின்றார்.

“எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாக சார். ஆனா பதில் சொல்றவுக பூராம் ஆம்பளைக. பொம்பளைக கதவுக்குப் பின்னால நின்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிறாக. என்னமோ இருக்கு.”

மறுநாள் படிவமில்லாமல் தோட்டத்துக்குப் போய், பழம் பறிக்கும் பெண்களோடு பந்தலுக்கடியில் குனிந்து நின்று அவரும் பறித்தார். பேச்சியம்மாள் என்ற பெண்தான் முதலில் வாய் திறந்தார். வண்டி போகும் பாதை வாய்க்கால் கரையோடு போகிறது. பெண்கள் குளிக்கும் படித்துறை அங்கேதான். வண்டி அங்கே நிற்கும். பயணிகள் இறங்கிப் படம் எடுப்பார்கள். அதனால் வண்டி வரும் நாட்களில் பெண்கள் தொலைவில் இருக்கும் இன்னொரு துறைக்கு நடக்கிறார்கள். திரும்பி வருவதற்குள் வேலைக்கு நேரமாகிவிடுகிறது. தாமதமாக வருபவர்களைத் தோட்டத்தில் சேர்ப்பதில்லை.

“படிவத்துல இதுக்கு இடமில்லையேம்மா” என்றேன்.

“இல்லாட்டி நம்ம போடுவோம் சார்” என்றார்.

இரண்டு வாரம் எதிர்க்கரைப் புங்கமரத்தடியில் நின்றார். துறைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கோடு. வண்டி வராத நாட்களின் கட்டங்களில் கோடுகள் நெருக்கியடித்தன. வண்டி வரும் நாட்களின் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. ஒரே ஒரு தாள். அதைப் படித்துப் புரிந்துகொள்ள எந்தப் புள்ளியியலும் தேவையில்லை.

நிதி கொடுப்பவர்கள் அறிக்கையைப் பார்க்க வருவதற்கு முந்தின நாள் நான் அந்தத் தாளை எடுத்துவிட்டேன். திட்டம் நின்றுவிடும், வண்டிக்காரக் குடும்பங்கள் பாதிக்கப்படும் என்று காரணம் சொன்னேன். உண்மையில் எனக்குப் பயம். சபியா குரலை உயர்த்தவில்லை.

“இந்தத் தாள் இல்லாத அறிக்கையில எம் பேரு வேணாம் சார். அடிச்சுருங்க.”

அடித்தேன். கையெழுத்தும் போட்டேன். அறிக்கையைப் பாராட்டினார்கள். அடுத்த கட்டத்தில் சபியாவுக்கு வேலை இல்லை என்று நிர்வாகம் சொன்னபோதும் பேசாமல் இருந்தேன்.

ஒரு மாதம் கழித்து அவரே அழைத்தார். “வெள்ளிக்கிழம சாயங்காலம் ஊர்க்கூட்டம் போடுறோம். நீங்க வந்து அந்தத் தாள வாசிக்கணும்.”

“நான் எதுக்கும்மா?”

“எடுத்தது நீங்கதான சார். நீங்கதான் திருப்பி வைக்கணும்.”

போனேன். பள்ளிக்கூடத்து முன்னால் ஊரே கூடியிருந்தது. தாளை வாசித்தேன், அதை அறிக்கையிலிருந்து எடுத்தவன் நான் என்பதையும் சொன்னேன். வண்டிக்காரர் முருகேசன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

“எங்க பொழப்பக் கெடுக்க வந்தீகளா?”

சபியா அவருக்கு எதிரே வந்து நின்றார். “வண்டிய நிறுத்தச் சொல்லலண்ணே. பாதையத்தான் மாத்தச் சொல்றோம்.”

“தென்னந்தோப்பச் சுத்திப் போனா மாடு என்னத்துக்கு ஆகும்? யாரு இப்பக் கொறை சொன்னா?”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. முருகேசனின் மனைவி. “ரெண்டு வருசமா நான் எங்கன போயிக் குளிக்கிறேன்னு நீரு கேட்டீரா?”

முருகேசன் திரும்பிப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். பாதை தென்னந்தோப்புப் பக்கமாகத் திரும்பியது. துறைப் பக்கம் எவரும் இறங்கிப் படம் எடுக்கக்கூடாது என்பதை வண்டிக்காரர்களே பயணிகளிடம் சொன்னார்கள். நான் பயந்ததுபோல் திட்டம் நிற்கவில்லை.

சபியாவை மறுபடி வேலைக்கு அழைத்தேன். வரவில்லை, மகளிர் குழுக்களோடு இருந்துவிட்டார். ஆனால் அடுத்த ஆண்டு அதே கரையில் ஒரு வாரம் நின்று எண்ணினார். பெரும்பாலோர் பழைய துறைக்குத் திரும்பியிருந்தார்கள். சில இளம்பெண்கள் வரவேயில்லை. “வராதவுகளையும் எழுதுங்க சார். நம்ம செஞ்சது பாதிதான்” என்றார். அந்த முறை அவர் தாளை அறிக்கையின் முதல் பக்கமாக வைத்தேன்.

நான் உத்தமபாளையம் போய்ச் சேர்ந்தபோது திராட்சைத் தோட்டத்துப் பெண்கள் வேனில் வந்து இறங்கி, வீட்டுக்குள் அவருடைய தாயாரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஜனாஸாப் பெட்டியைத் தூக்கியபோது முருகேசனும் தோள் கொடுத்தார். தெருமுனையில் தோள் மாற்ற ஆள் வந்தும் அவர் விடவில்லை.

நண்பர்களே, நான் சபியாவிடமிருந்து எடுத்துக்கொண்டது அவருடைய பிடிவாதத்தில் ஒரு பங்கு. இன்னொரு ஊரின் சுற்றுலா அறிக்கை இந்த வாரம் என் மேசைக்கு வந்திருக்கிறது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறது. நாளைக் காலை அதை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போகிறேன். அதில் பேசாத பெண்களிடம் முழுவதையும் வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதை எழுதிச் சேர்க்கும்வரை அது என் கையை விட்டுப் போகாது.