நம்பறன், கொட்டு

தனபாக்கியம் அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றேன். போனில் அவருடைய மகள் அழவில்லை. "அம்மா பூடுச்சிண்ணா. மூச்சு வாங்கிகினே இருந்துச்சு, அப்டியே நின்னுடுச்சு" என்றாள். லாரிகள் நகரவேயில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு நான்தான் அழுதேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் குரலை நினைவுபடுத்த வேண்டியதில்லை. திருவொற்றியூர் குப்பத்துக் கரையில் மீன் ஏலம் விட்டவர். அங்கே மூடிய கூடைக்கு யாரும் விலை கேட்கமாட்டார்கள். கூடையை மணலில் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் ஏலம். ஒருநாள் சொந்தத் தம்பியே, "எல்லாம் வஞ்சிரந்தான்க்கா, நம்பு" என்றான். "நம்பறன்டா. கொட்டு" என்றார் அக்கா. கரையே சிரித்தது. தம்பி கொட்டினான்.

ஊரடங்குக்குப் பிறகு, பொருளாதார மீட்பு என்று டெல்லியிலிருந்து வந்த பணத்தில் எங்கள் கரையில் ஒரு ஐஸ் கூடம் கட்டினார்கள். விற்காத மீனை மறுநாள் வரை வைக்க இடமில்லாமல், பொழுது சாய்ந்தால் கேட்ட விலைக்குத் தள்ளிவிடும் பெண்களுக்காக என்றார்கள். கட்டினார்கள், பெயின்ட் அடித்தார்கள், பூட்டினார்கள். உள்ளே இயந்திரம் இருக்கிறதா என்பதே எங்களுக்குத் தெரியாது. மீன் விற்கும் பெண்களின் சங்கத்துக்கு மனு எழுதித் தருகிறவன் நான். எழுதிய மனுவுக்கெல்லாம் 'பணி முடிவுற்றது' என்றே பதில் வந்தது. "நம்ம துட்டுதான நைனா? கதவத் தொறந்து காட்டறதுல இன்னா பேஜாரு அவங்களுக்கு?" என்று அக்கா கேட்டார்.

செலவைச் சரிபார்க்க நாடாளுமன்றக் குழு நேரில் வருகிறது என்றதும் எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அக்கா கேட்பது, நான் ஆங்கிலத்தில் சொல்வது என்று ஏற்பாடு. ஆனால் எங்கள் ஊர் எங்கள் ஊராகவே இருந்தது. வந்தவர்களைச் சும்மா அனுப்பினால் குப்பத்துக்குக் கேவலம் என்று பஞ்சாயத்தார் மேளம் வைத்து, பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொருவருக்கும் மாலையும் சால்வையும் போட்டார்கள். எம்.பி.க்களோடு நிற்கவில்லை, அதிகாரிகளுக்கும் டிரைவர்களுக்கும்கூடப் போட்டார்கள். அப்புறம் நண்டு விருந்து. அதோடு குழுவின் நேரம் முடிந்துபோயிற்று.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் குழுத் தலைவரின் கார் முன்னால் நின்றார் அக்கா. "ஐயா, நண்டு நல்லா இருந்துச்சா? அப்டியே அந்தக் கதவயும் தொறந்து பாத்துட்டுப் போங்கய்யா."

நான் மொழிபெயர்த்தேன். தலைவர் அதிகாரிகளைப் பார்த்தார். சாவி யாரிடம் என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார், கார் கிளம்பியது.

குழுவின் அறிக்கை வந்ததும் வாசித்துக் காட்டினேன். ஐஸ் கூடம் பார்வையிடப்பட்டது, பயனாளிகள் மகிழ்ச்சி தெரிவித்தனர் என்று எழுதியிருந்தது. "நம்ம போட்ட சால்வையத்தான் எழுதிக்கீறானுங்க" என்றார் அக்கா. அதன் பிறகும் எழுதச் சொன்னார், எழுதினேன். தேர்தல் வந்தது, அந்தக் குழுவும் கலைந்தது. புதிதாக வந்தவர்களுக்கு அது பழைய சங்கதி.

நான் போய்ச் சேர்ந்தபோது, கடலுக்குப் போயிருந்த மகனுக்காக உடலை வைத்திருந்தார்கள். வாடகைக்கு எடுத்த குளிர்பெட்டி கரன்ட் போய் நின்றுவிட்டது. மாதவரத்திலிருந்து ஆட்டோவில் ஐஸ் கட்டிகள் வந்தன. வரும் வழியிலேயே பாதி கரைந்திருந்தன. அவரோடு மீன் விற்ற பெண்கள் அதை உடைத்து, மீனுக்கு அடுக்குவது போலவே அவரைச் சுற்றி அடுக்கினார்கள். எதிரே ஐஸ் கூடத்தின் பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. மகள் அதைப் பார்த்துக்கொண்டே, "அம்மா கேட்ட ஐஸு இப்பதான் வந்துகீதுண்ணா" என்றாள். அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

எதுவும் மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படித் தோன்றுவதாக எழுதினால் அக்காவே திட்டுவார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இரண்டு சொற்கள்: நம்பறன், கொட்டு. இன்னொரு குழு வரப்போகிறதாம். பஞ்சாயத்தார் சால்வைக்குச் சொல்லிவிட்டார்கள். கார் முன்னால் நான் போய் நிற்பேன். ஆனால், நண்டு நல்லா இருந்துச்சா என்று அவரைப் போல என்னால் கேட்க முடியாது.