சொல்லிக்கொள்ளாமல் போனவள்

நான் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டுகிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் அடுத்துக் கேட்பது ஒன்றுதான். "எத்தனாவது வந்தீங்க?" பதினான்காவது, இருபதாவது, ஒரு தடவை கடைசிக்கு முந்தி. சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வரும் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜெயிப்பது என் வேலை இல்லை. ஜெயிக்க வேண்டியவளைக் கடைசி இருநூறு மீட்டர் வரை கொண்டுபோய் விடுவதுதான் என் வேலை. அதற்கப்புறம் நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் முடிவுக் கோட்டைத் தாண்டினாலும் ஒன்றுதான்.

இதற்கு லீட் அவுட் என்று பெயர். ஐரோப்பாவில் நடக்கும் பெரிய பந்தயங்களை இப்போது செல்போனிலேயே பார்க்கலாம். கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில் ஒரே நிறச் சட்டை போட்ட நான்கைந்து பேர் வரிசையாக முன்னால் வருவார்கள். முதல் ஆள் காற்றைக் கிழித்துக்கொண்டு, இருக்கிற மூச்சையெல்லாம் கொட்டி இழுப்பான். தீர்ந்ததும் ஒதுங்குவான். அடுத்தவன் இழுப்பான். அத்தனை பேர் முதுகுக்கும் பின்னால், காற்றே படாமல், மாப்பிள்ளை மாதிரி ஒருத்தன் உட்கார்ந்து வருவான். அவன்தான் ஸ்பிரிண்டர். எல்லோரும் ஒதுங்கியபின் அவன் எழுந்து நின்று மிதித்து ஜெயிப்பான். படத்தில் அவன் மட்டும் இருப்பான். எங்கள் கோயம்புத்தூர் கிளப்பில் பெண்கள் மொத்தமே இரண்டு பேர்தான். அதனால் வரிசையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நான் இழுப்பேன், அவள் போவாள்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையை விட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று என் மாமியாருக்கு இன்றுவரை வருத்தம். சாயங்காலப் பூசைக்குப் போகிறேனே, அதே சாமிதானே என்றால் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

கிளப்பில் இருக்கும் அந்த இன்னொருத்திக்கு இருபத்திரண்டு. சோமனூர்ப் பெண். அப்பா வீட்டோடு விசைத்தறி போட்டிருக்கிறார். இவள் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறாள். விடிவதற்கு முன்னால் சைக்கிளை எடுத்தால் வேலைக்குப் போகும் நேரத்துக்குள் ஓட்டி முடித்துவிடுவாள். கடைசி இருநூறு மீட்டரில் அவள் கால் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும். நான் நல்ல மோட்டார் எது என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

ஆனாலும் மூன்று வருஷமாக அவள் நான்காவதாகத்தான் வந்தாள். வருஷத்துக்கு ஒரு தேர்வுப் பந்தயம். முதல் மூன்று பேர் மாநில அணிக்குப் போவார்கள். நான்காவதுக்குக் கைதட்டல்கூட இருக்காது. மூன்றாவது முறையும் அப்படியே ஆனபோது அவள் அப்பா மொபெட்டில் சாய்ந்து நின்றபடி, கோபமே இல்லாமல் சொன்னார்: "இன்னொரு வருசம் பாக்கலாங்கண்ணு. அப்பறம் போதும்." திட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர், கோட்டுக்குப் பக்கத்தில் நின்று தான் எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிளாஸ்கில் டீ கொண்டுவருவார், வீடியோ எடுப்பார்.

"ஏம்மா, இந்தப் புள்ள கத்துன ஒடனே அந்த நெட்டைப் பொண்ணு எந்திரிச்சுருதே, ஏன்?"

"சாப்புடுங்க பேசாம" என்றேன். அப்புறம் போனைப் பிடுங்கிப் பார்த்தேன்.

மனிதர் சொன்னது சரி. எங்கள் பெண்ணுக்கு ஒரு வழக்கம். என்னைத் தாண்டிப் போகும் நேரம் வந்ததும், "வாரனுங்கக்கா!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போவாள். மூன்று வருஷமாக நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த வேகத்தில், வாயெல்லாம் உலர்ந்து, கண்ணில் பூச்சி பறக்கிற நேரத்தில் காதில் விழுகிற ஒரே மரியாதையான வார்த்தை அது. பிடிக்காமல் இருக்குமா? ஆனால் தறி ஓடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. பேசினாலும் அங்கே யாருக்கும் கேட்காது. இவள் "வாரனுங்கக்கா" என்றால் அது பொள்ளாச்சிக்கே கேட்கும். சொல்லி, ஒரு மூச்சு வாங்கி, அப்புறம் சீட்டை விட்டு எழுவாள். வேறொரு கிளப்பில் இருக்கும் அந்த நெட்டைப் பெண் சத்தத்தைக் கேட்டதுமே எழுந்துவிடுவாள். அவள் எழுந்ததைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். மூன்று வருஷமாக எங்கள் பெண் ஊரையே கூப்பிட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு கிணத்துக்கடவுப் பக்கம் பயிற்சிக்குப் போனபோது அவளிடம் சொன்னேன்.

"அப்ப எப்படீங்கக்கா போறது?"

"வாய மூடிட்டுப் போ."

முயற்சி செய்தாள், பாவம். முதல் தடவை சத்தமில்லாமல் என்னைத் தாண்டினாள். தாண்டியதும் திரும்பி, "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா" என்றாள். சொல்லிக்கொண்டே ரோட்டோரம் கிடந்த தேங்காய் மட்டைக் குவியல் மேல் ஏறப் பார்த்தாள். இரண்டாவது தடவை "வாரனு" வரைக்கும் வந்து முழுங்கினாள். வார்த்தை வேண்டாம், ஒரு இருமல் இருமு என்றேன். இருமி முடித்து "சரிங்களாக்கா?" என்று கேட்டாள்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. சைக்கிளை ஓரம் கட்டி, "அம்மணி, நீயென்ன என் ஊட்டுக்கு விருந்துக்கா வந்துருக்கே, சொல்லிட்டுக் கெளம்பறதுக்கு?" என்று கத்தினேன்.

"எங்கூட்டுல கடைக்குப் போனாலும் சொல்லாமப் போக மாட்டமுங்கக்கா. நீங்க அத்தன தூரம் எனக்கோசரம் காத்துல இழுத்துட்டு வாரீங்க. உங்களத் தாண்டி முன்னால போறதே ஒரு மாதிரி இருக்குது. இதுல ஒரு வார்த்தகூடச் சொல்லாமப் போறதுங்களா? மனசு ஒப்ப மாட்டேங்குதுங்க."

அந்த வருஷம் முழுக்க இதே பாடுதான். பத்துத் தடவையில் ஏழு தடவை வாயைத் திறந்துவிடுவாள். மூன்று வருஷக் கால்பலம் ஒரு மரியாதை வார்த்தையில் போகிறதே என்று நினைக்கும்போது எனக்குச் சில சமயம் சிரிப்பு வரும், பல சமயம் அழுகை வரும்.

தேர்வுப் பந்தயம் இந்த முறையும் கிணத்துக்கடவைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் போகும் ஒரு கிளை ரோட்டில்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று அங்கே மேற்கிலிருந்து ரோட்டைக் குறுக்காக அறையும். கடைசி வளைவிலிருந்து கோடு வரைக்கும் தெற்கே பார்த்த நேர் ரோடு. காற்று வலது பக்கம் அடிக்கும். அதனால் காற்றுக்கு மறைப்பு எனக்கு நேர்பின்னால் கிடைக்காது, கொஞ்சம் இடது தள்ளித்தான் கிடைக்கும். நான் ரோட்டோரம் போனால் அவளுக்கு இடமே இருக்காது. நடு ரோட்டில் போனால் பத்துப் பேர் வந்து ஒண்டிக்கொள்வார்கள். இடது ஓரத்தில் ஓர் ஆள் அகலம் மட்டும் விட்டு ஓட்ட வேண்டும். ஒரே ஒருத்திக்குத்தான் மறைப்பு. மற்றவர்கள் காற்றில் சாகட்டும் என்பதுதான் கணக்கு.

போட்ட திட்டம் இதுதான். கடைசி வளைவில் நான் முன்னால் போவேன், அவள் என் பின்னால். ஒற்றைப் புளியமரத்தைத் தாண்டியதும் அவள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நான் வலது பக்கம் ஒதுங்கிவிடுவேன். அங்கிருந்து கோடு இருநூறு மீட்டர்தான். "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் மரியாத வேண்டாங்கண்ணு" என்றேன். "சரிங்கக்கா" என்றாள். அவள் அப்பா கொஞ்ச தூரத்தில் மொபெட்டுக்குப் பக்கத்தில் நின்றார், கிட்டே வரவில்லை.

வளைவில் நான் முன்னால் வந்தேன். லீட் அவுட் ஓட்டுகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வேகம் குறையும், சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கும். பின்னால் ஒரு சக்கரத்தின் சத்தம் கேட்டது. எனக்கு அது போதும். தலையைக் கவிழ்த்துக்கொண்டு மிதித்தேன். அந்தக் காற்றில் நான் அப்படி என்றைக்குமே ஓட்டியதில்லை. அவள் அப்பா சொன்ன "போதும்" காதிலேயே இருந்தது. தொடை எரிந்தது, புளியமரம் வரவே மாட்டேன் என்றது. வந்தது. நான் வலது பக்கம் ஒதுங்கினேன்.

பின்னாலிருந்து முன்னால் வந்தது அந்த நெட்டைப் பெண்.

இவ்வளவு நேரம் நான் இழுத்தது இவளையா? என் மூச்சு, என் கால், எல்லாம் இவளுக்கா? எங்கள் பெண் எங்கே தொலைந்தாள்? வாயில் வந்ததை எல்லாம் மனசுக்குள் திட்டினேன்.

ஆனால் நான் காலி செய்த இடத்துக்கு நகர்ந்த நெட்டைப் பெண் எழவில்லை. என் மறைப்பு போய் வலது பக்கக் காற்று முழுசாக முகத்தில் அடித்தும் சீட்டிலேயே இருந்தாள். எதையோ எதிர்பார்ப்பது மாதிரி தலையை லேசாகச் சாய்த்திருந்தாள். அந்த நேரம் அவளுக்குப் பின்னாலிருந்து, இடது ஓரத்தில் நான் விட்ட அந்த ஓர் ஆள் அகலத்தில், எங்கள் பெண் வந்தாள். உதட்டை அழுத்திக் கடித்திருந்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

நெட்டைப் பெண் சுதாரித்து எழுந்து துரத்தினாள். பின்னாலிருந்து இன்னும் இரண்டு பேர் பாய்ந்தார்கள். நான்கு பேரும் ஒரே கொத்தாகக் கோட்டைத் தாண்டினார்கள். நான் இருந்த இடத்திலிருந்து யார் முந்தி என்று தெரியவில்லை. அங்கே நின்றவர்களுக்கும் தெரியவில்லை. வீடியோவைப் பார்த்துத்தான் சொல்லுவோம் என்றுவிட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அவளைப் பிடித்துக்கொண்டேன். "அவ எப்படி எம் பின்னால வந்தா? நீ எங்க போனே? நான் யாரக் கூட்டிட்டு வந்தேன்னாவது உனக்குத் தெரியுமா?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "நாந்தானுங்கக்கா உட்டேன்."

"என்னது?"

"வளைவுல அவங்க உள்ள வரப் பாத்தாங்க. நான் எடம் குடுத்துட்டேன். உங்க பின்னால இருந்தா எனக்கு வாய் அடங்காதுங்க. அவங்க பின்னால இருந்தா யாருகிட்டச் சொல்லிட்டுப் போறது? அவங்களும் என்ற சத்தத்துக்குத்தான் காத்துட்டு இருப்பாங்கன்னு தெரியும். போன வாரமே யோசிச்சுப்போட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் தரையைப் பார்த்தாள். "சொல்லியிருந்தா அவங்கள இந்த வேகத்துல இழுத்துட்டு வந்திருப்பீங்களாக்கா?"

மாட்டேன். செத்தாலும் மாட்டேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குக் கோபம், அவமானம், என்னை இப்படிப் படித்து வைத்திருக்கிறாளே என்று ஒரு பெருமை, எல்லாம் ஒன்றாக வந்தது. அந்த நேரம் பார்த்து நெட்டைப் பெண் தண்ணீர் பாட்டிலோடு எங்களைத் தாண்டிப் போனவள் நின்று, "ஏங்க, இன்னைக்கு ஒண்ணுமே சொல்லலியே நீங்க?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எங்கள் பெண் பதிலுக்கு, "மன்னிச்சுக்கோங்க" என்றாள். ஆடி மாசத்துக் காற்றையும் மீறி அது எல்லோருக்கும் கேட்டது.

மைக்கில் மூன்றாவது இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். வேறு யாரோ ஒரு எண். இவள் எண் இல்லை. அவள் குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள். மூன்று வருஷம் நான்காவதாக வந்தவளுக்கு, மூன்றாவது இல்லை என்றால் வேறென்ன? கொஞ்ச தூரத்தில் அவள் அப்பா மொபெட்டின் ஸ்டாண்டை எடுத்துவிட்டார். இரண்டாவது, நெட்டைப் பெண்ணின் எண். எங்கள் பெண் இன்னொரு ஷூவையும் கழற்றி, இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வெயிலு ஏறுதுங்க. கெளம்பலாங்களாக்கா?" என்றாள்.

மைக்கில் முதல் எண்ணைப் படித்தார்கள். அவள் சட்டையின் முதுகில் குத்தியிருந்த எண் என் கண்ணுக்கு நேரே இருந்தது. அவள் காதில்தான் விழவில்லை. சைக்கிளில் காற்று இருக்கிறதா என்று குனிந்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் படித்தார்கள். என் வீட்டுக்காரர் பிளாஸ்கைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார். அப்பா மொபெட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"கண்ணு, உன்னத்தான்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். நான் அவள் முதுகில் கையை வைத்துத் தள்ளினேன். வெறும் காலோடு, இரண்டு ஷூவையும் கையில் பிடித்துக்கொண்டே, சுடுகிற தார் ரோட்டில் அவள் நடந்து போனாள்.