சிறகு வைத்த கேக்

கையில் க்ரீம் பையைப் பிடித்தபடி, கழுத்து சுளுக்கும் அளவுக்கு அண்ணாந்து, தன் கேக் கடை வாசலில் நிற்பார் மிஸ் ஆர்டித். வடக்கே கேப் கனாவெரல் பக்கமிருந்து ராக்கெட் எழும்பி, அதன் நெருப்பு வால் மேகத்துக்குள் மறைந்து, தெருவிலுள்ள கண்ணாடிகளெல்லாம் அதிர்ந்து அடங்கும் வரை கண்ணை எடுப்பதில்லை. "போயிடுச்சு... இரு இரு, அவசரப்படாத... ம், போயே போயிடுச்சு!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே ஓடுவார். மேஜையில் அதே ராக்கெட் கேக்காகப் படுத்திருக்கும். அதன் வயிற்றில் நீல க்ரீமால் பெயரை எழுதி முடிப்பதற்கும், என்ஜினியர்களின் விருந்துக்குக் கேக் எடுத்துப்போக வாசலில் கார் வந்து நிற்பதற்கும் சரியாக இருக்கும்.

கிளம்பாத ராக்கெட்டுக்கு அவர் பெயர் எழுதமாட்டார். எங்கள் கோகோ பீச் ஊருக்கு வந்த புதிதில் ஒருமுறை, முதல் நாளே கொட்டை எழுத்தில் 'வெற்றி' என்று எழுதி வைத்துவிட்டார். ராக்கெட் ஒரு பனைமர உயரம் எழும்பி, கொஞ்சம் யோசித்து, எழும்பிய இடத்திலேயே திரும்ப உட்கார்ந்து வெடித்தது. அன்றைய விருந்தில் என்ஜினியர்கள் கேக்கைத் தின்றார்கள். எழுத்து இருந்த பக்கத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. திரும்பி வந்த அந்தத் துண்டு முழுவதையும் மிஸ் ஆர்டித் தானே தின்று தீர்த்தார். "எழுதுன கைக்கு அதுதான் தண்டனை" என்பார்.

ஏவுதல் தள்ளிப்போனால் கேக் காத்திருக்காது. ஃபுளோரிடா ஈரக்காற்றில் இரண்டாம் நாளே க்ரீம் வியர்த்துவிடும். எனவே தள்ளிப்போன கேக்கெல்லாம் தெருவுக்குத்தான். எண்ணெய்க்குழாய் ஒழுகினாலும் சரி, கடலில் புயல் சின்னம் தெரிந்தாலும் சரி, எங்களுக்குச் சாயங்காலம் காப்பியோடு இனிப்பு உண்டு. நாட்டுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே சாப்பிடுவோம். பக்கத்துக் கடையில் அழகு நிலையம் நடத்தும் ஓபலுக்கு இரண்டு வருடத்தில் உடம்பு இரட்டிப்பானதற்கு, ரஷ்யர்களை முந்த முடியாமல் போனதே காரணம் என்று ஊரில் பேச்சு.

ராணுவத்தின் ரகசிய ராக்கெட்டுகளுக்கும் கேக் உண்டு. வரும் ஆள் குரலைத் தாழ்த்தி, "ஒரு நீள கேக் வேணும், மேடம். பேர் வேண்டாம், கொடி வேண்டாம், ஒண்ணுமே எழுத வேண்டாம்" என்பான். "என்னைக்கு வேணும்?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான். "சொல்லாட்டி நான் எப்படிக் கண்ணு மாவு பிசையறது?" என்பார் மிஸ் ஆர்டித். அவன் காதோடு காதாகத் தேதியைச் சொல்லிவிட்டுப் போவான். அப்படி எத்தனையோ தேதிகள் அவர் வயிற்றில் இருக்கின்றன. ஒன்றுகூட வெளியே வந்ததில்லை.

வெண்டல் விஷயத்தில்தான் எல்லாம் குழம்பியது. ஒல்லி உடம்பும் சட்டைப்பையில் மசிக்கறையுமாகத் திரியும் அந்த என்ஜினியர், விமானப்படைக்காக ஒரு சிறகுக் கப்பலில் வேலை பார்த்தான். ராக்கெட்டின் தலையில் உட்கார்ந்து மேலே போய், பூமியைச் சுற்றிவிட்டு, விமானம் மாதிரி ஓடுபாதையில் வந்து இறங்கவேண்டிய கப்பல். ஐந்து வருடமாகக் காகிதத்திலும் துண்டு துண்டாகவும்தான் இருந்தது. முழுதாகச் சேர்த்துக் கட்ட வாஷிங்டன் சம்மதிக்கும் நாளில் அவன் குழுவுக்கு விருந்து. கடையில் கிடந்த காகிதக் கைக்குட்டையில் கப்பலை வரைந்து காட்டி, கேக் கேட்டான்.

"இன்னும் கட்டவே இல்லாத கப்பலுக்கா? என் வழக்கம் உனக்குத் தெரியுமில்ல?"

"பேர் எழுத வேண்டாங்க. உருவம் மட்டும் போதும். நானே இதை முழுசாப் பாத்ததில்ல, மிஸ் ஆர்டித்."

அந்தக் கடைசி வார்த்தையில் அவர் விழுந்துவிட்டார். கைக்குட்டையை மனப்பாடம் செய்து அடுப்பில் போட்டுவிட்டு வேலையில் இறங்கினார்.

உருளையான ராக்கெட்டுகளைச் சுட்டுச் சுட்டுப் பழகிய கைக்கு அந்தச் சிறகு தண்ணி காட்டியது. நுனியில் மேல்நோக்கி மடிந்த முக்கோணச் சிறகு அது. கேக்கில் செய்தால் உதிர்ந்தது. சர்க்கரைப் பாகில் வார்த்தால் ஈரக்காற்றில் நாய்க்காது போலத் தொங்கியது. கடைசியில் இஞ்சி பிஸ்கட் மாவில் சுட்டு, ஓபலின் கடைக்குக் கொண்டுபோய், பெண்கள் தலைமுடி காயவைக்கும், கவிழ்த்த கூடை மாதிரியான சூடுகாற்று மெஷினுக்கடியில் வைத்தார். சுருள்முடி ஊசிகளோடு ஐந்தாறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவில் விமானப்படையின் ரகசியமும் உட்கார்ந்து காய்ந்தது.

பக்கத்து நாற்காலியில் காய்ந்துகொண்டிருந்தவர் பாதுகாப்பு அதிகாரி கேப்டன் டில்மனின் மனைவி. ராத்திரிச் சாப்பாட்டில் அந்த அம்மாள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல, கேப்டன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். விடிந்ததும் கடைக்கு வந்துவிட்டார்.

"இந்த வடிவத்தை யார் சொன்னாங்க, மேடம்?"

"வௌவாலப் படைச்ச கடவுளைக் கேளுங்க."

"விளையாடாதீங்க. சொன்னவன் வேலை போயிடும்."

மிஸ் ஆர்டித் க்ரீம் பையைக் கீழே வைத்தார். "சொன்னவன்னு யாருமில்ல. நாப்பது வருஷமா மாவு பிசையற கை, தானா ஒண்ணைப் பிசைஞ்சுது. அதைப் பிடிச்சு உள்ள போடறீங்களா?" என்று இரண்டு கைகளையும் நீட்டினார். கேப்டன் மாவு படிந்த அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு கேக்கை ஒரு கண்ணும் பார்க்கக்கூடாது, பின்னறையில் போர்த்தியே வைக்கவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு, மனைவிக்கு ஒரு பெட்டி பாதாம் பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனார்.

டிசம்பரில், வாஷிங்டன் முடிவு சொல்லவிருந்த நாளுக்கு முந்தின நாள், சிறகு நின்றது. இருபக்கமும் நுனி நிமிர்ந்து, தொங்காமல், உதிராமல் நின்றது. வயிற்றுக்குக் கறுப்புச் சாக்லெட் பூசி, படுக்கை விரிப்பால் போர்த்தி வைத்தார் மிஸ் ஆர்டித். மறுநாள் மத்தியானம் ரேடியோ சொல்லிவிட்டது: சிறகுக் கப்பல் கைவிடப்பட்டது, அதற்கு வைத்திருந்த பணம் வேறு வேலைக்குப் போகிறது.

வெண்டல் வந்தபோது தொப்பி கையில் இருந்தது. "கேக் வேண்டாம்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேங்க" என்றான்.

"நான்தான் கெடுத்தேன்" என்றார் மிஸ் ஆர்டித். அவர் குரல் அப்படி உடைந்து நாங்கள் கேட்டதில்லை. "கிளம்பறதுக்கு முந்தியே கொண்டாடக்கூடாதுன்னு ஒரு வழக்கம் வெச்சிருந்தேன். ஆசைப்பட்டு மீறிட்டேன்."

"உங்க அடுப்புக்கு அவ்வளவு பலம் இருந்தா அதையே ராக்கெட்டுல வெச்சிருப்போமே" என்று சிரிக்கப் பார்த்தான் வெண்டல். பாதியில் நின்றுவிட்டது.

அவர் அவனைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் விரிப்பை எடுத்தார். வெண்டல் அதை ஒரு சுற்று சுற்றிவந்தான். குனிந்து வயிற்றைப் பார்த்தான். ஒரு விரலைச் சிறகின் நுனிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டான். "இவ்வளவு அழகா இருந்திருக்குமா?" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெட்டிடுங்க. பசங்களுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றான்.

"வெட்டவா? நல்லாக் கேட்டே போ! மத்த ராக்கெட்டெல்லாம் ஒரு நிமிஷமாவது ஊர் பாக்க நின்னுச்சு. இது மட்டும் இருட்டுல இருந்து நேரா வயித்துக்குப் போகணுமா?"

"கேப்டன் விடமாட்டாரே."

"இல்லாத கப்பலுக்கு என்னப்பா ரகசியம்?"

முன்பக்கக் கண்ணாடிப் பெட்டியில் யாருடையதோ மூன்றடுக்குக் கல்யாண கேக் இருந்தது. அதைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, கப்பலைப் பலகையோடு தாங்கிவந்து அந்த இடத்தில் வைத்தார். வேலை முடிந்து திரும்பும் கார்கள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்தன. வெண்டலின் குழுக்காரர்கள் இரண்டு பேர் சாலையிலேயே காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் கேப்டன் டில்மனின் காரும் வந்தது. அவர் இறங்கினார், அவர்கள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார், வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

உள்ளே மிஸ் ஆர்டித் யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக வெளியே ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் குனிந்தார். பலகையின் முன் விளிம்புக்கடியில் ஒரு மாவுக் கரண்டியைச் செருகி, கப்பலின் மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கி வைத்தார்.